பழைய கேஸ் கிரில்லுக்கு யுனிவர்சல் ரிப்பேர் கிட்: ஒரு ஸ்டார் போட்டவன் திரும்பி வந்து எழுதுறேன்

மொதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், இந்த கிட்டுக்கு ரெண்டு மாசம் முன்னாடி கோவத்துல ஒரு ஸ்டார் போட்டது நான்தான். அந்த ரிவியூவை எடுத்துட்டு இதை எழுதுறேன், ஏன்னா அதுல பாதி தப்பு என்னோடது.

என்கிட்ட இருக்கறது மூணு பர்னர் கேஸ் கிரில் (கறி சுடற அடுப்பு), வாங்கி பன்னெண்டு வருஷம் ஆச்சு. பெட்டி காஸ்ட் அலுமினியம், அது இன்னும் கல்லு மாதிரி இருக்கு, ஆனா உள்ள இருக்கற சாமான் எல்லாம் ஒண்ணொண்ணா போய்ட்டே இருந்துச்சு. நடு பர்னர் மஞ்சளா எரியும், இடது பர்னர் எரியவே யோசிக்கும், முழுசா திருப்பி வச்சாலும் மூடில இருக்கற மீட்டர் 130 டிகிரிக்கு மேல ஏறாது. அந்த மாடலை கம்பெனி நிறுத்தி ரொம்ப நாளாச்சு, ஒரிஜினல் பார்ட் கிடைக்கல. சரின்னு எல்லா கிரில்லுக்கும் பொருந்தும்னு போட்டு விக்கிற யுனிவர்சல் கிட் ஒண்ணு ஆர்டர் பண்ணேன். மூணு பர்னர் குழாய், பர்னருக்கு மேல உக்கார்ற தகடு (ஹீட் பிளேட்) மூணு, ஒரு பர்னர்ல இருந்து இன்னொண்ணுக்கு தீ தாவுறதுக்கு ரெண்டு பட்டை, தீப்பொறி விட்டு பத்த வைக்கிற இக்னைட்டர் செட் ஒண்ணு, கொஞ்சம் ஸ்க்ரூ, இவ்ளோதான் பெட்டில. எப்படி மாட்டணும்னு ஒரு துண்டு பேப்பர் இருக்கு, அதுல படத்தைத் தவிர ஒண்ணும் இல்ல, படமும் வேற ஏதோ கிரில்லோட படம்.

பழசை கழட்டறதுதான் பாதி வேலை, இதை யாரும் சொல்ல மாட்டாங்க. ஸ்க்ரூ எல்லாம் துரு பிடிச்சு பெட்டியோட பெட்டியா ஒட்டிக்கிச்சு, துரு விடுற எண்ணெய் அடிச்சு ராத்திரி முழுக்க விட்டுட்டு காலைல திருப்பினேன், அப்பவும் ஒண்ணு தலை உடைஞ்சு கையோட வந்துடுச்சு, டிரில் போட்டுத்தான் எடுத்தேன். புதுசு மாட்டும்போது மரைல சூடு தாங்கற கிரீஸ் தடவிடுங்க, அடுத்த தடவை கழட்டும்போது உங்களையே நீங்க வாழ்த்துவீங்க.

வெளிய எடுத்துப் பாத்தா நடு பர்னர் நிஜமாவே செத்துப் போயிருந்துச்சு, சின்னச் சின்ன ஓட்டை எல்லாம் அரிச்சு ஒண்ணாகி கட்டைவிரல் போற அளவுக்கு பொத்தல். ஆனா இடது பர்னர்ல ஒரு ஓட்டை கூட கெடல! வாய்க்குள்ள டார்ச் அடிச்சா வெள்ளையா பஞ்சு மாதிரி சிலந்தி வலை. அப்போதான் எனக்கு போன வருஷம் நடந்தது புரிஞ்சுது. இடது நாப் உருகி கோணிக்கிச்சு, வெயில்ல இருந்திருக்கும்னு நெனச்சு விட்டுட்டேன். வெயிலும் இல்ல ஒண்ணும் இல்ல, குழாய் அடைச்சிருந்தா கேஸ் முன்னாடி போக முடியாம வாய் வழியா திரும்பி வந்து பேனலுக்குப் பின்னாடியே எரியும், என் நாப் அந்த தீயில வெந்திருக்கு. பக்கத்துலயே ஹோஸ் போகுது, நெனச்சாலே இப்பவும் வயித்தைக் கலக்குது. நீள தண்டு வச்ச குழாய் பிரஷ் ஒண்ணு வாங்கி வருஷத்துக்கு ரெண்டு தடவை விட்டு ஆட்டுங்க, குறிப்பா ரொம்ப நாள் மூடி வச்சுட்டு எடுக்கும்போது.

இப்போ கிட்டுக்கு வரேன். பர்னர் நல்லா இருக்கு, உண்மையைச் சொல்லணும்ல. ஒண்ணுக்குள்ள ஒண்ணு நுழைஞ்சு நீளும், 14 இன்ச்சுல இருந்து 19 இன்ச் வரைக்கும் வச்சுக்கலாம், எனக்கு 16 தேவைப்பட்டுச்சு. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி குழாய் வாயில இருந்து பின்பக்க ஸ்க்ரூ ஓட்டை வரைக்கும் அளந்துக்கோங்க, மொத்த நீளத்தை அளந்தீங்கன்னா ஏமாந்துடுவீங்க. காந்தம் வச்சுப் பாத்தேன், ஒட்டல, அதாவது 304னு சொல்ற நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிரேடா இருக்கலாம், காந்தத்தை மட்டும் வச்சு உறுதியா சொல்ல முடியாது. தீ நீலமா, நுனியில லேசா மஞ்சளா, வரிசையா எரியுது.

முதல் தடவை மாட்டுறவங்களுக்கு ஒரு விஷயம், பர்னர் வாய் வால்வோட ஜெட் (கேஸ் பீச்சுற சின்ன ஓட்டை வச்ச மூக்கு) மேல சும்மா போய் உக்காரும், அவ்ளோதான், அங்க ஸ்க்ரூவும் இல்ல வாஷரும் இல்ல. ஐயோ இங்க கேஸ் லீக் ஆகுமேன்னு டேப் சுத்திடாதீங்க, அந்த இடைவெளி வழியாத்தான் காத்து உள்ள போய் கேஸோட கலக்குது, அதை அடைச்சா தீ மஞ்சளாகி புகையா வரும். ஜெட் மட்டும் வாய்க்குள்ள நேரா இருக்கான்னு பாருங்க, வெளிய விலகி இருந்தா ஆபத்து. அப்புறம் அந்த ஜெட் ஓட்டையை பெருசு பண்ணா தீ நல்லா வரும்னு எங்கயாவது யாராவது சொன்னா காதுலயே வாங்காதீங்க. சிலிண்டர் கேஸுக்கு ஒரு அளவு, பைப்புல வர்ற இயற்கை கேஸுக்கு அதைவிட பெரிய ஓட்டை, அந்த பெரிய ஓட்டையை சிலிண்டர் கேஸுக்குப் போட்டா தீ கட்டுக்கு மீறி வரும்.

ஹீட் பிளேட் சுமார்தான். என் கிரில்லுக்கு ஒரு சென்டிமீட்டர் குட்டை, ஒரு பக்கம் நழுவி பர்னர் மேலயே விழுது, ஓரத்தை மடிச்சு ஒரு மாதிரி உக்கார வச்சேன். இதுவும் ஸ்டெயின்லெஸ்னுதான் போட்டிருக்காங்க, ஆனா காந்தம் டப்புனு ஒட்டுது. ஸ்டெயின்லெஸ்லயே 430னு ஒரு கிரேடு இருக்கு, அதுல காந்தம் ஒட்டும், விலை கம்மி, 304 அளவுக்கு துரு தாங்காது. பொய்னு சொல்ல முடியாது, ஆனா சாமர்த்தியமா எழுதியிருக்காங்க. கொழுப்பு சொட்டி பர்னர் மேல விழாம தடுக்கறதே இந்த பிளேட்தான், இது நல்லா இல்லன்னா பர்னர் எவ்ளோ நல்லதா இருந்தும் பிரயோஜனம் இல்ல.

இக்னைட்டரை மாட்டவே இல்ல. ஒயர் குட்டை. அதோட என் பழசு கெடவே இல்லன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது, பேட்டரி வைக்கிற இடத்துல பச்சை பூத்திருந்துச்சு, உப்புத்தாள் போட்டு தேச்சதும் டிக் டிக்னு அடிக்குது. புதுசு வாங்கறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க, அப்புறம் எலக்ட்ரோடு (பொறி வர்ற கம்பி) நுனிக்கும் பர்னருக்கும் நடுவுல நாலஞ்சு மில்லிமீட்டர்தான் இடைவெளி இருக்கணும், வெள்ளை பீங்கான்ல விரிசல் இருந்தா மட்டும் மாத்துங்க.

சரி, எதுக்கு ஒரு ஸ்டார் போட்டேன்? எல்லாம் மாட்டி, பெருமையா பத்த வச்சு, மூடியை மூடிட்டு கால் மணி நேரம் கழிச்சுப் பாத்தா அதே 130. வீட்ல வந்து எட்டிப் பாத்துட்டு, "என்னங்க, புதுசு போட்டும் பழைய கதைதானா?"ன்னு கேட்டாங்க. அந்த எரிச்சல்லதான் உக்காந்து அந்த ரிவியூவை எழுதினேன்.

உண்மையான வில்லன் இந்த கிட் இல்ல, பிரச்சினை ரெகுலேட்டர் பக்கம். என் கிரில்லோட கனெக்டர்ல ஒரு பாதுகாப்பு இருக்கு (எல்லா கிரில்லுலயும் இருக்காது), கேஸ் திடீர்னு வேகமா ஓடுச்சுன்னா ஹோஸ் அறுந்துடுச்சுன்னு நெனச்சு கேஸைக் குறைச்சு விடும். நான் பன்னெண்டு வருஷமா நாப்பைத் திறந்துட்டு அப்புறம் சிலிண்டரை சடார்னு திறக்கற ஆளு. அப்படித் திறந்தா அது மாட்டிக்கும், தீ சாமி விளக்கு மாதிரிதான் எரியும். எல்லா நாப்பையும் மூடி, சிலிண்டரையும் மூடி, ரெகுலேட்டரை கழட்டி ரெண்டு நிமிஷம் விட்டு, திரும்ப மாட்டி, நாப் எல்லாம் மூடியிருக்கும்போதே சிலிண்டரை மெதுவா, ரொம்ப மெதுவா திறந்து, கொஞ்சம் பொறுத்து பத்த வச்சேன். 270 போச்சு. வாயடைச்சு நின்னேன்.

அடுத்த வாரமே திரும்பவும் 130. அப்போதான் முதல் நாளே பண்ணியிருக்க வேண்டியதைப் பண்ணேன், நாப் மூடி சிலிண்டரைத் திறந்து சோப்புத் தண்ணியை ஹோஸ் முழுக்க தடவினேன். ரெகுலேட்டர்ல ஹோஸ் சேர்ற இடத்துல நுரை முட்டை முட்டையா வந்துச்சு. சின்ன லீக்தான், ஆனா அதனாலயே உள்ள பிரஷர் நிக்காம அந்த பாதுகாப்பு விடுபடவே இல்ல. ரெகுலேட்டரோட சேத்து ஹோஸை மாத்தினதும் பிரச்சினை தீந்துது. இந்த கிட்ல ஹோஸ் வராது, நியாயமா முதல்ல மாத்த வேண்டியதே அதுதான், அந்தக் குறையை மட்டும் நான் திரும்ப எடுத்துக்க மாட்டேன்.

பெட்டியை சுத்தம் பண்றவங்களுக்கு ஒரு வார்த்தை, காஸ்டிக் போட்ட ஓவன் கிளீனர் அலுமினியத்தை அரிச்சுடும், சுடு தண்ணி, பாத்திரம் கழுவற சோப்பு, பிளாஸ்டிக் சுரண்டி போதும். மூடிக்குள்ள கறுப்பா உரியறது பெரும்பாலும் பெயிண்ட் இல்ல, கருகின கொழுப்பு, பயப்படாம சுரண்டுங்க. கம்பி பிரஷ் போட்டீங்கன்னா அப்புறம் ஈரத்துணியால துடைங்க, உதிர்ந்த கம்பி ஒண்ணு சாப்பாட்டோட உள்ள போச்சுன்னா ஆஸ்பத்திரிதான்.

பர்னருக்கு நாலு, ஹீட் பிளேட்டுக்கு ரெண்டு, இக்னைட்டருக்கு ஒண்ணு, மொத்தத்துல மூணு ஸ்டார். பர்னர் மட்டும் தனியா விக்கறாங்கன்னா அதை வாங்கிட்டு ஹீட் பிளேட்டை அளவு எடுத்து வேற இடத்துல பாத்துக்கோங்க. நேத்து திறந்து பாத்தேன், பிளேட் மடிச்ச ஓரத்துல இப்பவே செம்பழுப்பா ஒரு கோடு ஓடுது.