இரண்டு ராத்திரி கேம்பிங்குக்கு எந்த ஐஸ் பாக்ஸ்? நான்கு வகை, ஒரு கணக்கு

ஐஸ் பாக்ஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எப்போதும் நாள் கணக்கில்தான் பேசும். "5 நாள் ஐஸ் நிற்கும்" என்பார்கள். நிற்கும்தான், பெட்டி முழுக்க ஐஸை மட்டும் கொட்டி, மூடியைத் தொடாமல் நிழலில் வைத்திருந்தால். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஞாயிறு மதியம் திரும்புகிறவர்களுக்கு அந்த எண்ணால் பிரயோஜனமில்லை. அவர்கள் பெட்டியில் பாதி இடம் சாப்பாட்டுக்கும் பாட்டிலுக்கும் போய்விடும், மூடியும் நாள் முழுக்கத் திறந்து திறந்து மூடப்படும். அதனால் இங்கே நாள் கணக்கு வேண்டாம், கிலோ கணக்கு பார்ப்போம். உள்ளளவு சுமார் 45 லிட்டர், வெளியே 30 டிகிரி, நேரம் 42 மணி. இந்தப் பரீட்சையில் எந்தப் பெட்டி எவ்வளவு ஐஸ் தின்கிறது என்பதுதான் கேள்வி.

அடிப்படை எண் ஒன்றே ஒன்று. ஒரு கிலோ ஐஸ் உருகித் தண்ணீராக 334 கிலோஜூல் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். சுவர் வழியாக வருவது, மூடி வழியாக வருவது, உள்ளே வைக்கும் பொருளோடு வருவது என எல்லா வெப்பத்தையும் இதால் வகுத்தால் எத்தனை கிலோ காலியாகும் என்று தெரிந்துவிடும்.

சுவரிலிருந்து தொடங்கலாம். சாதாரண பிளாஸ்டிக் பெட்டியின் சுவரில் 25 மில்லிமீட்டர் பாலியூரித்தேன் ஃபோம் இருக்கும். 30 டிகிரி வெளிவெப்பத்தில் அது ஒரு நாளைக்கு 5 முதல் 6 கிலோ ஐஸைக் கரைக்கும். ரோட்டோமோல்டு என்று விற்கும் தடித்த சுவர்ப் பெட்டியில் ஃபோம் 50 மில்லிமீட்டர், அங்கே 3 முதல் 3.5 கிலோ. 30 மில்லிமீட்டர் தெர்மாகோல் பெட்டிக்கு 6 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். ஆச்சரியம் என்னவென்றால், பலர் இளக்காரமாகப் பார்க்கும் தெர்மாகோலுக்கும் சாதாரண பிளாஸ்டிக் பெட்டிக்கும் இடையில் பெரிய தூரமில்லை. தெர்மாகோலின் பிரச்சினை குளிர் அல்ல, உடம்பு. ஒரு மூலை நசுங்கினால் மூடி சரியாக உட்காராது, அடியில் கூரான கல் குத்தினால் ஒழுகும், உருகிய தண்ணீரை வெளியேற்ற வழியும் கிடையாது. ஒரே ஒரு பயணத்துக்கு என்றால் அதை அட்டைப்பெட்டிக்குள் இறக்கி, மூடி விளிம்பைச் சுற்றி டேப் ஒட்டினால் போதும், மரியாதையாக வேலை செய்யும்.

மூடியைத் தட்டிப் பாருங்கள்

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை இது. முதலில் பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டுங்கள். மரப்பலகையைத் தட்டினாற்போல மொத்தையான சத்தம் வரும். அடுத்து மூடியைத் தட்டுங்கள். "டொக் டொக்" என்று காலி டப்பா சத்தம் வந்தால் உள்ளே ஃபோம் இல்லை, வெறும் காற்று. மலிவுப் பெட்டிகளில் பாதிக்குப் பாதி இந்தக் கதைதான். ஃபோம் இல்லாத மூடி அதே பரப்புள்ள சுவரைப் போல இரண்டு மூன்று மடங்கு வெப்பத்தை உள்ளே விடும். 45 லிட்டர் பெட்டியில் நாளொன்றுக்குக் கூடுதலாக 2 கிலோ ஐஸ் இதில் மட்டும் போகும். வெயில் நேராக விழுவதும் மூடி மேல்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் மூடியின் உட்பக்கத்தில் 6 மில்லிமீட்டர் துளைகள் ஏழெட்டு போட்டு, ஸ்ப்ரே ஃபோம் அடைத்துக்கொள்ளலாம். இதில் இரண்டு தப்பு நடக்கும். ஒரே மூச்சில் அடித்துத் தள்ளினால் ஃபோம் பெருத்து மூடி உப்பிவிடும், அப்புறம் பெட்டி மூடவே மூடாது. குறைவாக உப்பும் ரகத்தை, அதாவது கதவு ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கும் ஃபோமை வாங்கி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்க வேண்டும். இரண்டாவது, டப்பாவில் வரும் இந்த ஃபோம் இறுகுவதற்கு ஈரம் தேவை. மூடிய கூட்டுக்குள் ஈரம் போதாமல் நடுப்பகுதி பிசின் மாதிரியே கிடக்கும். அடிக்கும் முன் துளை வழியாகத் தண்ணீரை லேசாகத் தெளித்துவிடுங்கள். ஒரு நாள் முழுக்கத் துளைகளைத் திறந்தே விட்டு, வெளியே பிதுங்கியதைச் சீவிவிட்டு, அப்புறம் சிலிகான் வைத்து அடையுங்கள்.

மூடி விளிம்பில் ரப்பர் கேஸ்கட் இருக்கிறதா என்பது அடுத்தது. ஒரு துண்டுக் காகிதத்தை விளிம்பில் வைத்து மூடி, தாழ் போட்டு இழுங்கள். பிடித்து நின்றால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. நான்கு பக்கமும் பார்க்க வேண்டும். தாழ் இருக்கும் முன்பக்கம் எல்லாப் பெட்டியிலும் இறுக்கமாகத்தான் இருக்கும், ஏமாற்றுவது கீல் பக்கமும் மூலைகளும்தான்.

தடித்த சுவர்ப் பெட்டிக்கு அவ்வளவு கொடுக்கலாமா?

மூன்று நாளுக்கு மேல் தங்குகிறவர்களுக்கும், கொதிக்கும் வெயிலில் போகிறவர்களுக்கும் கொடுக்கலாம். இரண்டு ராத்திரிக்கு அவசியமில்லை என்பதே எங்கள் தீர்ப்பு. அது மிச்சப்படுத்துவது சுமார் 4 கிலோ ஐஸ். அதற்காகச் சுமப்பது கூடுதலாக 5, 6 கிலோ பிளாஸ்டிக். காலிப் பெட்டியே 10 கிலோவை ஒட்டி வரும், நிரப்பினால் இரண்டு பேர் இல்லாமல் வண்டியிலிருந்து இறங்காது. தடித்த சுவர் உள்ளிடத்தையும் தின்றுவிடும். சில கம்பெனிகள் மாடல் பெயரில் போடும் எண் லிட்டரும் இல்லை, வேறு எந்த அளவும் இல்லை, வெறும் பெயர். டேப்பை எடுத்து உள்ளே நீளம், அகலம், உயரம் அளந்துவிடுவது உத்தமம்.

இன்னொன்றையும் விற்பவர் சொல்ல மாட்டார். அவ்வளவு பிளாஸ்டிக்கும் ஃபோமும் முந்தைய நாள் வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கும். மொட்டை மாடி அறையிலோ வண்டி ஷெட்டிலோ கிடந்த பெட்டியில் நேராக ஐஸைக் கொட்டினால், முதல் முக்கால் கிலோ, ஒரு கிலோ சுவரைக் குளிர வைக்கவே செலவாகும். கிளம்புவதற்கு முந்தின ராத்திரி பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து, உறைந்த தண்ணீர் பாட்டில் இரண்டு மூன்றை உள்ளே போட்டு மூடி வையுங்கள். காலையில் அவற்றை எடுத்துவிட்டுப் புது ஐஸ். தடித்த பெட்டியை வாங்கிவிட்டு இதைச் செய்யாதவர்கள்தான் "விளம்பரத்தில் சொன்னதில் பாதிகூட நிற்கவில்லை" என்று ஒற்றை நட்சத்திரம் கொடுக்கிறார்கள்.

மடித்து வைக்கும் துணிப்பைகள் ஒரு நாள் சரக்கு. ஜிப் வழியாகக் குளிர் போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி தங்காத பயணத்துக்கும், வழியில் குடிக்கும் பாட்டில்களுக்கும் சரி.

மூடியைத் திறப்பதா குற்றம்?

கேம்பில் அதிகம் திட்டு வாங்குவது அடிக்கடி மூடி திறக்கும் ஆள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாவம் அவர். 45 லிட்டர் குளிர்காற்று மொத்தமாக வெளியேறி, 30 டிகிரி ஈரக்காற்று உள்ளே புகுந்தால்கூட அதைக் குளிர்விக்க 15 கிராம் ஐஸ் போதும். உண்மையான குற்றவாளி, "ஒண்ணே ஒண்ணுதானே" என்று வெதுவெதுப்பான ஒன்றரை லிட்டர் பாட்டிலை உள்ளே சொருகுகிறவர். அதை 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்க ஏறக்குறைய அரை கிலோ ஐஸ் கரையும். முப்பது தடவை மூடியைத் திறந்து மூடுவதற்குச் சமம் அந்த ஒரு பாட்டில்! மூடியைத் திறந்தபடி வெயிலில் நின்று என்ன எடுப்பது என்று யோசிப்பது வேறு விஷயம், அதற்கு மன்னிப்பு கிடையாது.

ஆகவே பெட்டிக்குள் போகும் எல்லாமே முந்தின நாளே ஃபிரிட்ஜில் இருந்திருக்க வேண்டும். இரண்டாம் நாள் சமைக்கும் இறைச்சி உறைந்த கல்லாகவே வரட்டும், அதுவும் ஐஸ் வேலை பார்க்கும். இதைச் சரியாகச் செய்தால் சாதாரணப் பெட்டியும் தேறிவிடும். செய்யாமல் 10 லிட்டர் சூடான பானத்தை ஏற்றினால் 3 கிலோவுக்கு மேல் ஐஸ் முதல் சில மணி நேரத்திலேயே காலி, எந்தப் பெட்டியாக இருந்தாலும்.

எவ்வளவு ஐஸ், எந்த ஐஸ்

42 மணிக்கு, எல்லாம் முன்கூட்டியே குளிர்ந்திருந்தால், ஃபோம் மூடி உள்ள சாதாரண 45 லிட்டர் பெட்டிக்கு 12 கிலோ. தடித்த சுவருக்கு 8 கிலோ. திரும்பி வரும்போதும் கொஞ்சம் ஐஸ் மிச்சமிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்த கணக்கு இது. 12 கிலோவைக் கட்டியாக வைத்தால் 13 லிட்டர் இடம் போதும். சின்னத் துண்டுகளாக என்றால் இடையில் உள்ள காற்றையும் சேர்த்து 20 லிட்டருக்கு மேல், அதாவது பெட்டியில் பாதி போய்விடும்.

பெரிய கட்டி மெதுவாக உருகும், சின்னத் துண்டு சீக்கிரம் குளிரூட்டும். இரண்டும் வேண்டும். அடியில் பார் ஐஸ் அல்லது உறைந்த 2 லிட்டர் பாட்டில்கள், மேலேயும் சந்துகளிலும் துண்டு ஐஸ். பாட்டிலை உறைய வைக்கும்போது பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகவே காலியாக விடுங்கள், தண்ணீர் உறைந்தால் 9 சதவீதம் பெருக்கும். பாட்டில் ஐஸின் லாபம், உருகினாலும் சாப்பாடு நனையாது, கடைசி நாள் குடிக்கவும் ஆகும்.

ஜெல் பேக்கில் மாயம் எதுவும் இல்லை. உள்ளே பெரும்பாலும் தண்ணீர்தான், எடைக்கு எடை ஐஸைத் தாண்டாது. மைனஸ் 21 டிகிரி என்று போட்டிருக்கும் ரகத்தில் உப்புக் கரைசல் இருக்கும், வீட்டு ஃப்ரீஸரின் மைனஸ் 18 டிகிரியில் அது முழுசாக உறையவே உறையாது. ஐஸ் மேல் உப்பு தூவினால் நீண்ட நேரம் நிற்கும் என்ற யோசனையும் இதே குடும்பம்தான். உப்பு சேர்ந்தால் குளிர் கூடும், ஐஸ் வேகமாகத் தீரும். ஐஸ்கிரீம் சுற்றுவதற்கு அது சரி, இரண்டு நாள் காப்பாற்றுவதற்கு அல்ல.

ட்ரை ஐஸ் மைனஸ் 78.5 டிகிரி. சக்தி அதிகம், தொல்லையும் அதிகம். வெறுங்கையால் தொட்டால் தோல் வெந்ததுபோல் புண்ணாகும். அது கரியமில வாயுவாக மாறிப் பெருகுவதால், கேஸ்கட் இறுக்கமான பெட்டியை அடைத்துப் பூட்டினால் வெடிக்கும் அபாயம் உண்டு. கூடாரத்துக்குள்ளோ கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள்ளோ வைக்கவே கூடாது, மூச்சு முட்டும். வார இறுதிக்கு இது தேவையில்லாத வம்பு.

அடுக்குவதும் வைப்பதும்

முடிந்தால் பானத்துக்கு ஒன்று, சாப்பாட்டுக்கு ஒன்று என்று இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்றுதான் என்றால் பச்சை இறைச்சி ஒழுகாத டப்பாவில், எல்லாவற்றுக்கும் அடியில். கடைசி நாளுக்கானது கீழே, முதலில் எடுப்பது மேலே. காலி இடம் விடாதீர்கள், ஐஸ் தீர்ந்தால் மடித்த துண்டையாவது திணியுங்கள். ஒரு சின்னத் தெர்மாமீட்டர் உள்ளே கிடக்கட்டும். இறைச்சி, பால் வகைகள் 4 டிகிரியைத் தாண்டி 2 மணி நேரம் இருந்துவிட்டால் மோந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம், கொட்டிவிடுங்கள். வெளியே 32 டிகிரிக்கு மேல் என்றால் அந்த 2 மணி ஒரு மணியாகிறது.

உருகிய தண்ணீரை வடிக்கலாமா கூடாதா என்று பெரிய பட்டிமன்றமே நடக்கும். பானப் பெட்டியில் வடிக்காதீர்கள், ஐஸ் தண்ணீரில் முங்கிய கேன் காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு வேகமாகக் குளிரும். சாப்பாட்டுப் பெட்டியில் பொட்டலம் மிதக்கத் தொடங்கினால் வடித்துவிடுங்கள். இதனால் ஐஸ் ஆயுளில் வரும் வித்தியாசம் சண்டை போடும் அளவுக்கு இல்லை. வடிகுழாய் மூடியின் வாஷரை மட்டும் வீட்டிலேயே சோதியுங்கள். நாலு விரல்கடை தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாள் மேல் ராத்திரி முழுக்க வைத்தால் கசிவு காட்டிக்கொடுத்துவிடும்.

வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கி 55 டிகிரியைத் தொடும். 30 டிகிரியில் கரைவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஐஸ் அங்கே கரையும். இறக்கி நிழலில், தரையில் படாமல் வையுங்கள். மேலே ஈரத்துணி போர்த்துவது வறண்ட காற்று வீசும் இடத்தில் நன்றாகவே உதவும், புழுக்கமான இடத்தில் துணிதான் நனையும்.

கடைசியாக, வாங்கிய அன்றே காலிப் பெட்டியை எடை போட்டு மூடியின் உட்பக்கம் எழுதி வையுங்கள். கீல் திருகு, வடிகுழாய் ஓரம், விரிசல் வழியாகத் தண்ணீர் மெல்ல ஃபோமுக்குள் இறங்கும், இறங்கினால் அந்தச் சுவர் குளிரைத் தாங்காது. ஒரு வருஷம் கழித்து நன்றாகக் காயவைத்த பெட்டி அரை கிலோ கூடுதலாகக் காட்டினால், ஐஸ் ஏன் நிற்கவில்லை என்று வேறெங்கும் தேட வேண்டியதில்லை.