பாதி விலையில் கிடைத்த ஹான்ஸ்: வாங்கும் முன் இதைப் படியுங்கள்

ராலியில் ஓட்டுகிறவர்கள், பக்கத்தில் நேவிகேட்டராக உட்கார்ந்து வழி சொல்கிறவர்கள், அதிலும் இந்த சீசனில்தான் முதல்முறையாகச் சாமான் வாங்கப் போகிறவர்கள், தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

நான் கோவைக்காரன். எட்டு வருஷமாக நேவிகேட்டர். ஹான்ஸ் என்பது மோதலில் தலை முன்னால் பாயாதபடி ஹெல்மெட்டைப் பட்டைகளால் பிடித்துக்கொள்ளும், தோளில் உட்காரும் காலர். என் பழைய ஹான்ஸின் பட்டைகள் நைந்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கக் கிளம்பினேன். விசாரித்த இடங்களில் எல்லாம் சொன்ன விலையில் கிட்டத்தட்ட பாதிக்கு ஒரு கடையில் கிடைத்தது, 19,000 ரூபாய். ரேஸ் சாமான் மட்டுமே விற்கிற கடை. "ஒரிஜினல் சார், எஃப்.ஐ.ஏ. ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு பாருங்க" என்றார் கடைக்காரர். எஃப்.ஐ.ஏ. என்பது உலக மோட்டார் பந்தயங்களின் தலைமை அமைப்பு. பட்டைகளை மாட்டும் கொக்கிகளைத் தாங்களே பொருத்தித் தருவதாகச் சொல்லி ஹெல்மெட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அதற்குத் தனியாக 1,500. ரசீது கேட்டதற்கு ஒரு துண்டுச்சீட்டில் "ரேஸ் சாமான்" என்று எழுதிக் கொடுத்தார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ரெக்கி (ராலிப் பாதையை முன்கூட்டியே ஓட்டிப் பார்த்துக் குறிப்பெடுப்பது) முடித்து, அந்த நோட்ஸைப் படித்துத் திருத்தி, ஸ்க்ரூட்டினிக்கு, அதாவது காரையும் பாதுகாப்புச் சாமானையும் சோதிக்கும் இடத்துக்குப் போனோம். சோதித்த பெரியவர் என் காலரை வாங்கி வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்தார். ஹாலோகிராம் நிறம் மாறவே இல்லை. கட்டைவிரல் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். கார்பன் ஃபைபர் என்று நான் நம்பிய அந்தப் பின்னல் கோலம் மெல்லிய பிலிமாக உரிந்து வந்தது. உள்ளே சாதாரண ஃபைபர் கிளாஸ்.

"தம்பி, ஹெல்மெட்டையும் கொடுங்க" என்றார். கொக்கியைக் கழற்றிப் பார்த்தபோதுதான் என் வயிறு கலங்கியது. அந்த ஹெல்மெட்டில் தொழிற்சாலையிலேயே வைத்த எம்6 மரை (6 மி.மீ. திருகு ஏறும் துளை) இருக்கிறது. கடையில் கொடுத்த கொக்கியின் திருகு அதில் ஏறவில்லை போலிருக்கிறது. பக்கத்திலேயே டிரில் வைத்துப் புதிதாகத் துளை போட்டு, பெரிய வாஷரால் இரண்டையும் மூடியிருக்கிறார்கள். துளையைச் சுற்றி ஹெல்மெட் ஓட்டின் இழைகள் வெள்ளையாகப் பிய்ந்து நின்றன. திருகின் முனை உள்ளே தெர்மாகோலில் குத்திக்கொண்டிருந்தது. ஓட்டில் இப்படித் துளை போட்டால் ஹெல்மெட்டின் அங்கீகாரமே போய்விடும். நல்ல ஹெல்மெட், அன்றோடு குப்பை.

நாங்கள் ஸ்டார்ட் எடுக்கவில்லை. என் டிரைவர் மூன்று மாதம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய நுழைவுக் கட்டணம், டயர், சர்வீஸ் பசங்களின் செலவு, எல்லாம் போயிற்று. அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலிக்கிறது.

பணம் போனதை விடுங்கள். ஹான்ஸ் எதற்கு என்று தெரிந்தால் இந்த வியாபாரம் எவ்வளவு பெரிய பாவம் என்று புரியும். கார் மரத்தில் மோதும்போது பெல்ட் உடம்பைப் பிடித்துக்கொள்ளும். தலையும் ஹெல்மெட்டும் முன்னால் பாயும். அந்த இழுப்பில் மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்துவிடுகிறது. 1981இல் பந்தய வீரர் பட்ரிக் ழாக்மார் அமெரிக்காவில் அப்படித்தான் இறந்தார். அவருடைய நண்பர் ஜிம் டவுனிங்கும், டவுனிங்கின் மைத்துனரான பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்டும் சேர்ந்து உருவாக்கியதுதான் ஹான்ஸ். 2001இல் அமெரிக்காவின் டேடோனா பந்தயத்தில் நட்சத்திர வீரர் டேல் எர்ன்ஹார்ட் இறந்த பிறகுதான் பலருக்குக் கண் திறந்தது. ஃபார்முலா ஒன்றில் 2003இலும் உலக ராலி சாம்பியன்ஷிப்பில் 2005இலும் கட்டாயமாக்கினார்கள். நேவிகேட்டருக்கு இது இன்னும் முக்கியம். நாம் குனிந்து நோட்ஸ் படித்துக்கொண்டிருப்போம்; மோதல் வருவதே நம் கண்ணுக்குத் தெரியாது.

அந்த இழுப்பு முழுவதையும் தாங்குவது இரண்டு பட்டைகள், இரண்டு கொக்கிகள், தோள் பெல்ட்டுக்கு அடியில் உட்காரும் ஒரு காலர். இதில் ஒன்று போலியானாலும் மற்றவை இருந்தும் பிரயோஜனம் இல்லை.

சரி, வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்? காலரிலும் பட்டையிலும் எஃப்.ஐ.ஏ. 8858 என்ற தர எண் போட்ட லேபிள் இருக்க வேண்டும். ஹாலோகிராமைச் சாய்த்துப் பாருங்கள். மாடல் பெயர் எஃப்.ஐ.ஏ. வெளியிடும் பட்டியலில் இருக்கிறதா என்று கடையில் நின்றபடியே போனில் தேடுங்கள். அப்புறம் காலரின் கோணம். எனக்கு அவர்கள் தலையில் கட்டியது 30 டிகிரி. அது சாய்ந்து படுத்த மாதிரி உட்காரும் ஃபார்முலா கார்களுக்கு. நிமிர்ந்து உட்காரும் ராலி சீட்டுக்கு வழக்கமாக 20 டிகிரிதான். "எல்லாருக்கும் இதுதான் சார் போகுது" என்று சொன்னதை நான் நம்பினேன். கழுத்தளவுக்கு ஏற்ப சைஸும் உண்டு. கடைக்குப் போவதற்கு முன்பே இதையெல்லாம் உங்கள் சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிடுங்கள். ஹெல்மெட்டை எந்தக் கடையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். யாராவது டிரில்லைக் கையில் எடுத்தால் ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள். வரிசை எண் எழுதிய பில் தரவில்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். "நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க" என்று சொல்லிவிட்டார். நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன். துண்டுச்சீட்டும் பணம் அனுப்பிய விவரமும்தான் இப்போது கையில் இருக்கிற ஆதாரம்.

போன வாரம், இந்த வருஷம் ஓட்ட வரும் ஒரு பையன் அதே கடையில் ஹான்ஸ் வாங்கியிருக்கிறான் என்று கேள்விப்பட்டு அவனுக்குப் போன் செய்தேன். "இல்லண்ணா, என்னோடது ஒரிஜினல், ஹாலோகிராம்ல நம்பரே இருக்கு" என்றான். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். என்னுடையதில் இருக்கும் அதே எண்.