மின்சாரம் நின்றால் என்ன செய்யும்? புறஊதா நீர் வடிகட்டி பற்றி

2022 ஏப்ரல் வெள்ளத்தில் தென்னாப்பிரிக்காவின் டொங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்து, எங்கள் பகுதிக் குழாய்கள் மாதக்கணக்கில் வறண்டு கிடந்த பிறகு, மீண்டும் வந்த நீரை அப்படியே குடிக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. அதனால் கரி உருளையும் புறஊதா விளக்கும் சேர்ந்த வடிகட்டி ஒன்றை டர்பனில் வாங்கிச் சமையலறையில் பொருத்தினேன்.

நீரின் சுவையில் குறை சொல்ல இடமில்லை. கரி குளோரின் வாடையை அகற்றிவிடுவதால், ஆடி மாதக் கூழுக்கும் இந்த நீரையே எடுக்கிறோம். அடுத்து வரும் விளக்கின் 254 நானோமீட்டர் ஒளி, கடந்து செல்லும் நுண்ணுயிர்களின் டிஎன்ஏவைச் சிதைத்து, அவை பெருகாமல் தடுக்கிறது.

ஆனால் குளோரினை நீக்கிய அந்தக் கரியிலேயே பாக்டீரியாக்கள் படிந்து வளரக்கூடும். அதற்கு அப்பால் இருக்கும் விளக்கின் ஒளி உருளைக்குள் எட்டாது. லோட் ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு வந்தால் நிலைமை இன்னும் மோசம்: விளக்கு அணைந்துவிடுகிறது, நீரோ தடையின்றிப் பாய்கிறது. குளோரினும் இல்லாமல், ஒளியும் படாமல் வரும் அந்த நீர், வடிகட்டாத குழாய் நீரைவிடப் பாதுகாப்புக் குறைந்ததாக இருக்கலாம் என்பதைக் கடையில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. பிள்ளைகள் குடிக்கும் நீர் என்பதால் இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை.

வடிகட்டும் பொருளுக்குள்ளேயே மின்சாரத்தைச் செலுத்தும் வழி எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் பருத்தித் துணியில் கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய கார்பன் நானோகுழாய்களையும் வெள்ளி நானோகம்பிகளையும் படியவைத்து, ஏறத்தாழ 20 வோல்ட் அழுத்தம் கொடுத்து, அதன் வழியே சென்ற ஈ. கோலை பாக்டீரியாக்களில் 98 சதவீதத்துக்கு மேல் சில நொடிகளில் கொன்றார்கள். துணியின் துளைகள் பெரியவை என்பதால் அது கிருமிகளைப் பிடித்து வைப்பதில்லை; அதனால் நீர் விரைவாக ஓடுகிறது, அடைப்பும் குறைகிறது. மின்கலமோ சிறு சூரியத் தகடோ போதும் என்ற அளவுக்கே மின்சாரம் செலவாகிறது. 98 சதவீதம் குடிநீருக்குப் போதாது என்றாலும், மின்வெட்டுக்குப் பழகிப்போன நம் வீடுகளுக்கு ஏற்ற திசை இதுவே.

இப்போதைக்கு என் கருவியின் விளக்கைச் சிறிய இன்வெர்ட்டரில் இணைத்திருக்கிறேன். விளக்கை ஆண்டுக்கு ஒருமுறையும் கரி உருளையை ஆறு மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றுகிறேன். வாங்க நினைப்பவர்கள், மின்சாரம் நின்றவுடன் நீரைத் தானே அடைக்கும் வால்வு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் வாங்காதீர்கள்.