பாதியில் நின்ற சைடு ஸ்டெப்

மூன்று வார லீவில் வீட்டுக்கு வந்த மறுநாளே கண்ணில் பட்டது. எங்கள் வண்டியின் கதவைத் திறந்ததும், கால் வைத்து ஏறத் தானாகக் கீழே இறங்க வேண்டிய பக்கவாட்டுப் படியான சைடு ஸ்டெப், கால்வாசி இறங்கி, 'க்ர்ர்' என்று முனகி நின்றுவிடுகிறது. மறுபக்கத்துப் படிக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு கையால் கதவையும் இன்னொரு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு ஏறினார். அதைப் பார்த்த பிறகு வேறு வேலை ஓடவில்லை.

முதலில் போன இடத்தில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "மோட்டார் போச்சு சார், முழு செட்டையும் மாத்தணும், பொருள் வர நாளாகும்" என்றார்கள். மனம் ஒப்பவில்லை. சத்தம் வருகிறது என்றால் மோட்டாருக்குக் கரண்ட் போகிறது என்றுதானே அர்த்தம்?

இரண்டாவது மெக்கானிக் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்தே வேலை பார்த்தார். கதவைத் திறக்கச் சொல்லி, மோட்டாருக்கு வயர் சேரும் கப்ளரில், கரண்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தார். 12 வோல்ட் சரியாக வந்தது. உடனே ஃபியூஸைப் பிடுங்கி என் கையில் கொடுத்துவிட்டார். "கை உள்ள இருக்கும்போது யாராவது கதவைத் தொறந்தா விரல் போயிடும்ணே." பிறகு போல்ட்டுகளைக் கழற்றி மோட்டாரைத் தனியே எடுத்து, பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்தார். தங்குதடையில்லாமல் சுற்றியது. மோட்டார் இல்லாத படியைக் கையால் இழுத்தால் அசையவே இல்லை. கோளாறு எங்கே என்று அதிலேயே தெரிந்துவிட்டது.

படியைத் தாங்கும் கைகள் இரண்டு. பின்கை சுத்தமாக இருந்தது. முன்கை முன் டயருக்கு நேர் பின்னால் இருப்பதால், டயர் வாரியடிக்கும் சேறெல்லாம் அதில்தான் வந்து அப்புகிறது. மூட்டுக்குள் செங்கல் மாதிரி இறுகிய மண், அதற்கடியில் மூட்டைக் கோத்திருக்கும் 'பின்' (pin) துருப்பிடித்துக் கிடந்தது. அந்த இறுக்கத்தை எதிர்த்துத் தள்ளும்போது மோட்டார் அதிகக் கரண்ட் இழுக்கும். ஏதோ தடுக்கிறது, யாருடைய காலோ என்று எடுத்துக்கொண்டு, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலர் அதை நிறுத்திவிடும். நாங்கள் கோளாறு என்று நினைத்தது அதன் பாதுகாப்பு வேலை.

மண்ணைக் குச்சியால் நோண்டி எடுத்து, தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, காற்றடித்துக் காயவைத்தார். துரு இளக்கும் ஆயில் விட்டு அரை மணி நேரம் காத்திருந்தார். அந்தப் பொறுமைதான் எனக்கு மிகவும் பிடித்தது. மரச் சுத்தியலால் மெல்லத் தட்டி, படியை மேலும் கீழுமாக ஆட்டினார். முதலில் ஒரு விரற்கடை, அப்புறம் ஒரு சாண், பிறகு முழுசாக இறங்கியது. கடைசியில் சிலிக்கான் ஸ்ப்ரே. கிரீஸ் வைக்கலாமே என்று கேட்டேன். "வேண்டாம்ணே, பிசுக்குல மண்ணு ஒட்டிக்கும், மறுபடி இதே கதைதான்" என்றார்.

நான் வேலை பார்க்கும் குளிர்நாட்டில் பனி உருக ரோட்டில் உப்புக் கொட்டுவார்கள். அங்கேயும் இந்தப் 'பின்'கள் துருப்பிடிக்கும். ஆனால் இப்படி ஒவ்வொன்றாகக் கழற்றிக் காட்டி யாரும் எனக்கு விளக்கியதில்லை.

செய்த வேலையை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னேன். சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். முன்கையின் மூட்டு வளையமான புஷ்ஷில் லேசாக ஆட்டம் இருக்கிறது, அடுத்த சர்வீஸில் பார்க்க வேண்டும் என்பதையும் அவரே சேர்த்திருந்தார். தாளை வண்டி டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். சேற்றில் ஓட்டிவந்தால் அன்றைக்கே அந்த முன்கையில் தண்ணீர் அடிக்கும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் கதவைத் திறந்தேன். படி கீழே இறங்கி நின்றது. அம்மா என் தோளைத் தேடாமல் ஏறி உட்கார்ந்தார்.