இரண்டாம் மொழி ஆய்வுக்கு எந்தத் திறன் தேர்வு?

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களைப் பற்றிய ஆய்வுகளில், பங்கேற்றோர் "இடைநிலைத் தேர்ச்சி" உடையவர்கள் என்று மட்டும் எழுதிவிட்டால், அதை எதைக் கொண்டு அளந்தார்கள் என்பது விளங்காமல் ஓர் ஆய்வை மற்றோர் ஆய்வோடு ஒப்பிட வழியில்லாமல் போகிறது. ஐஇஎல்டிஎஸ், டோஃபல் ஆகிய பன்னாட்டு ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்கள் நம்பத்தக்கவையே. ஆயினும் அவற்றுக்குக் கட்டணம் மிகுதி, ஒவ்வொருவரும் எழுதிய காலமும் வேறுபடும். ஆகவே ஆய்வாளரே நடத்தக்கூடிய மூன்று தேர்வுகளே இங்கு ஒப்பிடத்தக்கவை.

2012-இல் வெளியான லெக்ஸ்டேல் தேர்வு, திரையில் தோன்றும் 60 எழுத்துத் தொடர்களில் எவை உண்மையான ஆங்கிலச் சொற்கள் என்று கேட்கிறது. அவற்றுள் 40 சொற்கள், 20 போலிகள். இரு வகையிலும் சரியாகச் சொன்னவற்றின் விழுக்காடுகளைத் தனித்தனியே கண்டு எடுக்கும் சராசரியே மதிப்பெண் என்பதால், எல்லாவற்றுக்கும் "ஆம்" என்பவருக்கு 50 மட்டுமே கிடைக்கும். ஐந்து நிமிடங்களில் முடிந்துவிடும், கட்டணமும் இல்லை. ஆனால் அது அளப்பது சொல்லறிவை. வாக்கிய அமைப்பை ஆராய்பவர் அதை மட்டும் நம்புவது முறையன்று.

ஜெர்மனியில் 1981-இல் முன்வைக்கப்பட்ட சி-டெஸ்ட், சிறு பத்திகளில் ஒன்றுவிட்டு ஒரு சொல்லின் பிற்பாதியை நீக்கி, அதை நிரப்பச் சொல்கிறது. சொல்லறிவும் இலக்கணமும் சூழல் உணர்வும் ஒருசேரச் சோதிக்கப்படுவதால், வாசிப்பையும் எழுத்தையும் சார்ந்த ஆய்வுகளுக்கு லெக்ஸ்டேலைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். தமிழ் கற்போருக்கு இவ்விதியை அப்படியே பொருத்துவதில் மட்டும் கவனம் தேவை: வேற்றுமை உருபுகளும் வினை விகுதிகளும் சொல்லின் இறுதியிலேயே அமைவதால், நீக்கப்படுவது பெரும்பாலும் இலக்கணக் கூறாகவே இருக்கும்.

பேச்சை ஆராய்வோருக்கு, கேட்ட வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லும் தேர்வே பொருத்தமானது. பரவலாகப் பயன்படும் வடிவத்தில் படிப்படியாக நீளும் 30 வாக்கியங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 120 மதிப்பெண்கள். நீண்ட வாக்கியத்தை ஒலியாக மட்டும் நினைவில் வைத்துச் சொல்லிவிட முடியாது. பொருளை உணர்ந்து, தம் இலக்கண அறிவால் அதை மீண்டும் கட்டியெழுப்ப வேண்டும் என்பதே இதன் அடிப்படை. நினைவாற்றலின் பங்கை இதிலிருந்து முழுமையாகப் பிரிக்க இயலாது என்ற விமர்சனம் நியாயமானதே. அதனால் நினைவாற்றலைத் தனியே அளந்து பகுப்பாய்வில் சேர்ப்பது நல்லது. ஒலிப்பதிவுகளைக் கேட்டு மதிப்பிட நேரம் பிடிக்கும், ஒரு பகுதியையேனும் இருவர் தனித்தனியே மதிப்பிடவும் வேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சி, பேச்சு ஆய்வில் லெக்ஸ்டேலோடு நின்றுவிடக் கூடாது.