மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு: கையடக்க லினக்ஸ் கணினியும் அதன் கார்டு ஸ்லாட்டும்

என்னிடமுள்ள கையடக்க லினக்ஸ் கணினி வகையின் விலை சென்ற வாரம் குறைந்ததைப் பார்த்துவிட்டு, மார்த்தாண்டத்திலிருந்து நண்பர் ஒருவர் அழைத்து, "அண்ணா, நீங்க மூணு வருஷமா வச்சிருக்கீங்கல்லா, வாங்கலாமா?" என்று கேட்டார். அன்று காலையில்தான் அதைப் பழுது நீக்கி மூடியிருந்தேன். நிதானமாகப் பதில் சொல்லும் மனநிலை அப்போது எனக்கு இல்லை.

பழையாறு கடலில் சேரும் மணக்குடியில் என் வீடு. விடியற்காலையில் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்குப் போய்ப் பறவைகளைக் கணக்கெடுப்பதும், படங்களையும் குறிப்புகளையும் கரையிலேயே உட்கார்ந்து இந்தக் கணினியில் ஏற்றுவதும் என் வழக்கம். விசைப்பலகை அருமையானது, பேட்டரியும் ஒரு காலைப்பொழுதைத் தாராளமாகத் தாங்கும். இவற்றில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறையெல்லாம் மெமரி கார்டு ஸ்லாட்டில்தான். இரண்டாம் ஆண்டு ஆடிக்காற்று ஓய்ந்த சமயத்தில், படங்களை நகலெடுக்கும்போதே கார்டு திடீரென்று படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். சில நாள் கார்டே கணினியின் கண்ணில் படாது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் எழுதிவைக்கும் பிழைப் பதிவைத் திறந்தால் இரண்டு எண்கள் மாறி மாறி வரும். -110 என்றால் கட்டளைக்குக் கார்டு உரிய நேரத்தில் பதில் தரவில்லை என்று பொருள். -84 என்றால் வந்த தரவின் சரிபார்ப்பு பொருந்தவில்லை என்று பொருள். வாடிக்கையாளர் சேவையில் இருமுறையும் "கார்டை மாற்றுங்கள்" என்றே சொன்னார்கள். நானும் இரண்டு புதிய கார்டுகள் வாங்கினேன். அந்த இரண்டும் பழைய கார்டும் மடிக்கணினியில், கார்டில் எழுதிப் படித்துச் சரிபார்க்கும் எஃப்3 சோதனையில் ஒரு பிழையும் இன்றித் தேறியபோதுதான், ஒரு பாவமும் அறியாத கார்டின்மேல் பழி போட்டுக் காசைக் கரைத்தது புரிந்தது.

நாகர்கோவிலில் கைக்கடிகாரம் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவரிடம் உருப்பெருக்கிக் கண்ணாடியை இரவல் வாங்கி ஸ்லாட்டுக்குள் பார்த்தேன். எட்டு முள்களில் ஆறு பொன்னிறமாக மின்னின. கட்டளை செல்லும் மூன்றாவது முள்ளிலும், தரவு செல்லும் எட்டாவது முள்ளிலும் பச்சை படர்ந்திருந்தது. பதிவில் கண்ட இரண்டு எண்களுக்கும் விடை அங்கேயே இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய தூரிகையால் துடைத்து, அரை மணி நேரம் உலரவிட்டேன். அன்றே கார்டு தெரிந்தது. ஆனால் பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போது -84 மட்டும் விடாமல் வந்தது.

மீதி வேலை மென்பொருளில் இருந்தது. வேகமான கார்டுகள் தொடங்கியதும் சமிக்ஞையை 3.3 வோல்ட்டிலிருந்து 1.8 வோல்ட்டுக்கு இறக்கி, 208 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடும். தேய்ந்த முள்களுக்கு அந்த ஓட்டம் தாங்கவில்லை. வன்பொருள் விவரங்களை லினக்ஸுக்குச் சொல்லும் டிவைஸ் ட்ரீ கோப்பில், கார்டு கண்ட்ரோலர் பகுதியில், 1.8 வோல்ட்டுக்கு இறங்காதே என்று பொருள்படும் 'நோ-1-8-வி' என்ற ஒரு வரி சேர்த்தேன். இப்போது 50 மெகாஹெர்ட்ஸில், நொடிக்கு 25 மெகாபைட்டுக்குமேல் போகாது. ஆனால் அதன்பிறகு ஒரு பிழையும் இல்லை. இதே தொல்லை உள்ளவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: கோப்பு அமைப்பைச் சரிபார்த்துத் திருத்தும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டுவதற்கு முன்பு கார்டை வேறொரு கணினியில் முழுதாகப் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஸ்லாட் கோளாறோடு அந்தக் கட்டளையை ஓட்டியதால்தான் ஒரு தை மாதத்துக் காலைப் படங்கள் முழுவதையும் இழந்தேன்.

உப்புக்காற்றுக்குத் தயாரிப்பாளர் என்ன செய்வார் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நனைக்கும் எங்கள் மாவட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கையில் எடுத்து வெளியே கொண்டுபோவதற்கென்றே செய்த கருவியில் அந்தத் துளைக்கு ஒரு ரப்பர் மூடிகூட இல்லை. அதைவிடக் கொடுமை, ஸ்லாட்டை முதன்மைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பது. இனி முள் ஒடிந்தால் பலகையையே மாற்ற வேண்டும். சின்னஞ்சிறு தனிப் பலகையில் அதை வைத்திருந்தால் எவ்வளவு எளிதாக முடிந்திருக்கும்!

தினமும் நான் இதில்தான் எழுதுகிறேன், இந்தப் பதிவு உட்பட. இவ்வளவு பிடித்த கணினி எனக்கு வேறு இல்லை. ஸ்லாட்டைத் தனியே கழற்றும்படி புதிய பதிப்பு வந்தால் அன்றே வாங்குவேன். இப்போது விலை குறைந்திருப்பதை வாங்க வேண்டாம் என்றுதான் நண்பரிடம் சொல்லியிருக்கிறேன்.