காசநோய்க்கு வரும் வெளிநாட்டுப் பணம்: டெல்டாவுக்கு எந்த வழி தாங்கும்?

காசநோய்த் தடுப்புக்கான பணம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை போன்ற மாவட்டங்களுக்கு வர நான்கு வழிகள் உண்டு. அமெரிக்கா போன்ற ஒரு நாட்டின் அரசு போடும் ஒப்பந்தம், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான சர்வதேச நிதியமான குளோபல் ஃபண்டின் மானியம், உலக வங்கிக் கடன், நம் அரசே வரிப்பணத்தில் விடும் டெண்டர். எந்த வழியில் தொகை பெரிது என்று பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது வேறு. அந்தப் பணத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, நிறுத்தினால் சிகிச்சையின் நடுவில் இருப்பவருக்கு என்ன ஆகும்?

நடவுக்கும் அறுப்புக்கும் போகும் 42 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். சாதாரணக் காசநோய் என்றால் அவருக்குத் தினம் 3 கூட்டு மாத்திரை. முதல் 56 நாள் நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை: ஐசோனியாசிட் 75, ரிஃபாம்பிசின் 150, பைரசினமைட் 400, எத்தம்பூட்டால் 275 மில்லிகிராம். அடுத்த 112 நாள் பைரசினமைட் இல்லாத மூன்று மருந்து மாத்திரை. 168-ம் 336-ம் சேர்த்து 504 மாத்திரைகள். இரண்டாம் மாதத்திலேயே இருமல் அடங்கி, பசி எடுத்து, வேலைக்குப் போகத் தெம்பு வந்துவிடும். மருந்து விட்டுப்போகும் ஆபத்தும் அப்போதுதான் தொடங்குகிறது. நோயாளியாக விட்டாலும் சரி, மருந்து வராமல் விட்டாலும் சரி, மிஞ்சும் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறலாம். இந்த 504-ல் ஒன்றைக்கூட, மூன்றாம் மாதத்தில் நின்றுபோகக்கூடிய பணத்தை நம்பி வைக்கக் கூடாது.

அமெரிக்க ஒப்பந்தம்: எந்தத் தொகையைப் படிக்கிறோம்?

அமெரிக்க அரசின் செலவுகளை யுஎஸ்ஏ ஸ்பெண்டிங் தளத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். ஆனால் ஓர் ஒப்பந்தத்துக்கு அங்கே ஒன்றுக்கு மேற்பட்ட தொகைகள் இருக்கும்; கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது உச்சவரம்பு, அதாவது ஒப்பந்தக் காலம் முழுக்க அதிகபட்சம் எவ்வளவு போகலாம் என்பது. இரண்டாவது அரசு இதுவரை தருவதாகக் கட்டுப்பட்ட தொகை. மூன்றாவது உண்மையில் பட்டுவாடா ஆனது. செய்திகளில் பெரும்பாலும் அடிபடுவது முதலாவது. களத்துக்கு வந்தது எவ்வளவு என்று அறிய மூன்றாவதைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் தலைமை ஒப்பந்ததாரரின் மறைமுகச் செலவு (அலுவலகம், நிர்வாகம் போன்றவை) கழியும். அரசுடன் பேசி விகிதம் நிர்ணயித்துக்கொள்ளாத நிறுவனங்களுக்கு இது 10 சதவீதமாக இருந்து, 2024 அக்டோபரில் 15 சதவீதமானது. பேசி நிர்ணயித்துக்கொண்டவர்களின் விகிதம் இதைவிட அதிகமாகவும் இருக்கலாம். கீழே துணை ஒப்பந்ததாரர் இருந்தால் அவர் பங்கும் கழியும்.

தேடுபவர்கள் வழுக்கும் இடங்கள் இரண்டு. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி நிறுவனமாக இருந்த யுஎஸ்எய்டின் காசநோய்த் திட்டங்கள் பல, ‘ஒப்பந்தம்’ என்ற வகையில் வராமல் ‘கூட்டுறவு உடன்படிக்கை’ என்ற உதவி வகையில் பதிவாகியிருக்கும். ஒப்பந்தங்களை மட்டும் வடிகட்டினால் அவை கண்ணில் படாது. பல நாடுகளுக்குச் சேர்த்துப் போட்ட ஒரே உடன்படிக்கையில் இந்தியாவுக்கான பங்கு தனியாகத் தெரியாமலும் போகும்.

நிறுத்தும் அதிகாரத்தைப் பொறுத்தவரை இந்த வழிதான் நான்கிலும் பலவீனமானது. அமெரிக்கக் கொள்முதல் விதிப்படி அரசு தன் வசதிக்காகவே ஒப்பந்தத்தை முடிக்கலாம். ஒப்பந்ததாரர் தவறு செய்திருக்க வேண்டியதில்லை. வேலையை 90 நாள் நிறுத்திவைக்கத் தனி ஷரத்தும் உண்டு. 2025 ஜனவரி 20-ல் வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி உத்தரவு வந்தது; ஜூலை 1-ல் யுஎஸ்எய்ட் தனி நிறுவனமாகச் செயல்படுவதே முடிந்தது. காசநோய்க்கு மிக அதிகமாக நேரடி உதவி தந்த நாட்டின் வழி அரை ஆண்டில் அடைபட்டது. சாதாரணக் காசநோய்க்கான முதல்நிலை மருந்துகளை இந்தியா சொந்தப் பணத்தில் வாங்கிவந்ததால் இங்கே மாத்திரை நிற்கவில்லை. அந்த வசதி இல்லாத நாடுகளின் நோயாளிகளை நினைத்தால் மனம் பதறுகிறது.

காலக்கணக்கிலும் இடிக்கிறது. அமெரிக்க நிதியாண்டு அக்டோபர் 1-ல் தொடங்கும். புதிய பணம் கிடைக்கும் முதல் காலாண்டு டெல்டாவில் வடகிழக்குப் பருவமழைக் காலம். முத்துப்பேட்டை, தலைஞாயிறு பக்கம் வீடுவீடாகச் சளி மாதிரி எடுக்கும் வேலைக்கு இதைவிட மோசமான மூன்று மாதம் கிடையாது. ஜனவரியில் மழை ஓயும்போது ஊரே சம்பா அறுவடையில் இருக்கும். ஆண்டு இலக்கில் பாதி அங்கேயே போய்விடும்.

இந்த வழியில் வந்த நல்ல செலவு ஒன்றையும் சொல்ல வேண்டும். சளியில் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சீபிநாட் கருவிக்கு, பரிசோதனைக்கு ஒன்றாகப் போட வேண்டிய கார்ட்ரிட்ஜின் விலை 2012-ல் 16.86 டாலரிலிருந்து 9.98 டாலராக இறங்கியது. யுஎஸ்எய்ட், அமெரிக்காவின் எய்ட்ஸ் நிவாரணத் திட்டமான பெப்ஃபார், சர்வதேச மருந்து நிதி அமைப்பான யுனிடெய்ட், கேட்ஸ் அறக்கட்டளை சேர்ந்து உற்பத்தியாளருக்கு ஒரு தொகையை ஒரேயடியாகக் கொடுத்து விலையைக் குறைத்தன. 2023-ல் அது 7.97 டாலரானது. ஒருமுறை செலவழித்தார்கள், பலன் ஆண்டாண்டாக நீடித்தது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கான பெடாகுயிலின் மாத்திரை நன்கொடை இதற்கு நேர்மாறு. 2015 முதல் 2019 வரை இலவசமாக வந்தது, பிறகு நின்றது, நாம் விலைக்கு வாங்கினோம். முதன்மைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிந்த பிறகுதான் இந்திய நிறுவனங்களுக்கு வழி திறந்தது.

குளோபல் ஃபண்டும் உலக வங்கியும்

2002-ல் தொடங்கிய குளோபல் ஃபண்டில் பல நாடுகள் பணம் போடுகின்றன. உலகில் காசநோய்க்கு வரும் வெளிநாட்டுப் பணத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு இதன் வழியாகத்தான். மூன்றாண்டுச் சுழற்சி என்பதால் திட்டமிட முடியும். ஒரே தலைநகரத்தின் முடிவில் எல்லாம் நிற்காது. ஆனாலும் வெட்டு வரும். 2025-ல், அப்போது நடந்துகொண்டிருந்த சுழற்சியிலேயே 143 கோடி டாலர் குறைத்தார்கள்.

இந்தப் பணம் டெல்டாவில் பொருந்தும் இடம் தனியார் கிளினிக். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருமலோடு இருப்பவர் பலநேரம் முதலில் போவது அங்கேதான். காசநோயைக் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2012 முதல் கட்டாயம். தெரிவிக்கும் தனியார் மருத்துவருக்கு ரூ.500, சிகிச்சை முடிவைப் பதிந்தால் இன்னொரு ரூ.500. ஆனாலும் மாலை ஓ.பி. கூட்டத்தில் யாரும் அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயைத் திறந்து உட்கார மாட்டார்கள். கிளினிக் கிளினிக்காகப் போய் விவரம் வாங்கி, சளி மாதிரியை அரசு ஆய்வகத்துக்குச் சேர்க்க ஆள் வேண்டும். 2018-ல் குளோபல் ஃபண்ட் பணத்தில் தொடங்கிய ஜீட் திட்டம் இந்த வேலைக்குத்தான்.

சிக்கல் ஆட்களில் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் 2020-ல் வந்த திருத்தம், பணம் பெறும் அமைப்பு அதை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதைத் தடுத்தது. நிர்வாகச் செலவு வரம்பையும் 50 சதவீதத்திலிருந்து 20 ஆக்கியது. சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் பெரிய தொண்டு நிறுவனம், திருத்துறைப்பூண்டியில் ஊரறிந்து வேலை செய்யும் சிறிய குழுவுக்கு அந்தச் சட்டத்துக்கு உட்பட்ட பணத்தைப் பிரித்துத் தர முடியாது. தானே ஆள் எடுக்க வேண்டும். சுழற்சி முடிந்தால் அந்த ஆளும் போவார், மருத்துவர்களோடு அவர் வளர்த்த பழக்கமும் போகும்.

உலக வங்கி 2019-ல் இந்தியாவுக்குத் தந்த 40 கோடி டாலர், திருப்பிக் கட்ட வேண்டிய கடன். ஒன்பது மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. செலவுச் சீட்டுக்குப் பணம் என்ற முறை இதில் இல்லை. ஒப்புக்கொண்ட முடிவை எட்டினால் பணம் விடுவிப்பார்கள். தனியார் பதிவு கூடியதா, நோயாளியின் வங்கிக் கணக்கில் ஊட்டச்சத்துத் தொகை ஏறியதா என்பதெல்லாம் கணக்கு. (அந்த மாதத் தொகை 2018-ல் ரூ.500, 2024 நவம்பர் முதல் ரூ.1,000.) துறையின் பழக்கத்தை மாற்ற இது நல்ல கருவி. மருந்து வாங்க ஏற்றதல்ல, ஏனென்றால் பணம் முடிவுக்குப் பிறகுதான் வரும்.

சொந்த டெண்டர்

1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் முறை தெளிவானது. தொழில்நுட்பம் ஒரு கவர், விலை ஒரு கவர். வரும் மருந்தில் பேட்ச்வாரியாக மாதிரி எடுத்து, தயாரிப்பாளர் பெயரை மறைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் உண்டு. எவ்வளவு ஒதுக்கீடு, எவ்வளவு எடுத்தார்கள் என்பது அதிலேயே தெரியும்.

சொந்தப் பணம் என்பதால் தவறாது என்று எண்ணிவிடக் கூடாது. காசநோய் மருந்துகளை ஒன்றிய அரசு மொத்தமாக வாங்கி மாநிலங்களுக்கு அனுப்புகிறது. 2024 மார்ச் 18-ல், கூட்டு மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளும்படி மாநிலங்களுக்கு அதுவே கடிதம் எழுதியது. திடீரென்று ஒரு மாவட்டம் கேட்கும் சிறிய அளவுக்கு எந்த உற்பத்தியாளரும் தனி பேட்ச் ஓட்ட மாட்டார். மாநிலக் கழகத்திடம் முன்கூட்டியே விலை ஒப்பந்தம் முடித்து, தேவைப்பட்டால் மட்டும் ஆர்டர் என்று வைத்திருந்தால்தான் அந்தக் கடிதத்தால் பயன். இதற்குச் செலவு ஒரு டெண்டர் நடத்தும் செலவுதான்.

வெளிப்பணம் இல்லாமலே மரணத்தைக் குறைக்கும் வேலை 2022 முதல் இங்கே நடக்கிறது: காசநோய் இறப்பில்லாத் திட்டம். நோய் உறுதியான அன்றே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். உடல் நிறை எண் 14-க்குக் கீழ், மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ் என எதில் தவறினாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியவர். தேவைப்படும் சாமான் எடை மெஷினும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும்.

இலவசக் கருவி வந்தால்

நான்கு மாட்யூல் (ஒரே நேரத்தில் நான்கு மாதிரி வைக்கும் அறைகள்) கொண்ட சீபிநாட் சலுகை விலையில் சுமார் 17,000 டாலர். ஒரு நாளைக்கு 10 பரிசோதனை, மாதம் 25 நாள் என்றால் ஆண்டுக்கு 3,000 கார்ட்ரிட்ஜ்; 7.97 டாலர் வீதம் 23,910 டாலர். கருவி தருபவர் முதல் தொகையைத் தருகிறார், நாம் ஆண்டுதோறும் இரண்டாவதைக் கட்ட வேண்டும். கார்ட்ரிட்ஜை 2 முதல் 28 டிகிரிக்குள் வைக்க வேண்டும், அறை 30 டிகிரியைத் தாண்டக் கூடாது. சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் நடக்காது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்துக் கம்பங்கள் சாய்ந்த ஊர்களில் எந்த ஏசியும் ஓடவில்லை. இதே பரிசோதனையைச் செய்யும், கோவாவில் தயாராகும் ட்ரூநாட் கருவி பேட்டரியில் ஓடும், சிப் அறை வெப்பத்தைத் தாங்கும். கிருமி ரிஃபாம்பிசினுக்கு அடங்காததா என்று பார்க்க மட்டும் இரண்டாவது சிப் போட வேண்டும். கடற்கரை ஒன்றியங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு ட்ரூநாட், மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு சீபிநாட் என்று பிரிப்பதே சரி.

ஆக, மாத்திரையும் பரிசோதனைப் பொருளும் சொந்த டெண்டரில். தனியார் கிளினிக்குகளைச் சேர்க்கும் வேலை குளோபல் ஃபண்டில். நேரடி வெளிநாட்டு ஒப்பந்தம், ஒருமுறை செலவோடு முடியும் கருவிக்கும் பயிற்சிக்கும் மட்டும். அந்த உடன்படிக்கையில் கையெழுத்திடும் முன் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: ஐந்தாண்டுப் பராமரிப்பு முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும், மாட்யூல்களின் ஆண்டு அளவுத்திருத்தம் அதில் அடங்க வேண்டும், லேப் டெக்னீஷியன் சம்பளம் இரண்டாம் ஆண்டிலேயே மாவட்ட நலவாழ்வுச் சங்கக் கணக்குக்கு மாற வேண்டும், பதிவு நிக்ஷயில் மட்டும் இருக்க வேண்டும், தனி மென்பொருள் கூடாது, விலகும் நாளில் ஆறு மாதக் கார்ட்ரிட்ஜ் இருப்பு இருக்க வேண்டும். திட்டம் முடியும் தேதி அக்டோபருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் விழக் கூடாது. மழையிலும் அறுவடையிலும் பொறுப்பைக் கைமாற்ற அங்கே ஆள் இருக்காது.